பதிலுக்கு ரத்தம்

வெள்ளையணுக்கள் ஸ்லைடின் தப்பான ஓரத்தில் நின்றிருந்தன.

இருபத்திரண்டு வருடமாக இதே வேலையைச் செய்கிறவளுக்கு அது கண்ணில் படாமல் போகாது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, இன்னொரு தகட்டின் விளிம்பால் முன்பக்கமாக ஒரே இழுப்பில் தள்ளினால், பூச்சு மெலிந்து முடிகிற கடைசி ஓரத்தில் போய்த்தான் பெரிய வெள்ளையணுக்கள் ஒதுங்கும். எந்த ஊர் ரத்தமானாலும் அப்படித்தான். ஆனால் நெலிதா அன்று காலை இழுத்த பூச்சில் அவை சொட்டு வைத்த இடத்துக்கே, அவள் வயிற்றுக்கு நேராக இருந்த ஓரத்துக்கே, திரும்பி வந்து கும்பலாக நின்றன.

கை பிசகியிருக்கும் என்று இன்னொன்று இழுத்தாள். அப்புறம் மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்று மூன்றாவது இழுத்தாள். மேலே தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது, கீழே பெலென் சந்தையிலிருந்து சுட்ட மீனும் கரிப்புகையும் ஈரச் சாக்கும் கலந்த நாற்றம் ஜன்னல் வழியே ஏறி வந்து சாயம் போடுகிற தொட்டியின் ஆல்கஹால் வாடையோடு கலந்தது, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகியது. எல்லாம் என்றைக்கும் போல இருந்தது. மூன்று ஸ்லைடிலும் அவள் எந்தப் பக்கம் நின்று இழுத்தாளோ அந்தப் பக்கத்தில்தான் அணுக்கள் இருந்தன.

அது அவளுடைய தம்பி எல்மரின் ரத்தம். நான்கு வருடத்துக்கு முன், பெருந்தொற்றில் இக்கிடோஸ் நகரமே ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு அலைந்த அந்த ஏப்ரலில், முப்பத்தொரு நாள் மூச்சுக்குப் போராடிப் பிழைத்து வந்தவன். அப்படிப் பிழைத்தவர்களின் ரத்தத்தை லிமாவிலிருந்து வந்த ஒரு டாக்டர் இனிமேல் மாதாமாதம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

"என்ன நெலிதா, தம்பி ரத்தத்துல தங்கம் கிங்கம் கிடைக்குதா? காலைலேர்ந்து நோண்டிக்கிட்டே இருக்க" என்றார் இலாரியோ. அந்த லேபில் அவளுக்கு மூத்தவர் அவர் ஒருவர்தான். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்.

"இத நீங்க ஒரு தடவ இழுங்கண்ணே."

அவர் இழுத்தார். அவள் அவருக்கு இடப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாயம் ஏற்றிக் காயவைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது, வெள்ளையணுக்கள் பூச்சின் தொடக்கத்திலும் இல்லை, முடிவிலும் இல்லை. இடப்பக்க ஓரத்தில் வரிசையாக நின்றன.

"கை நடுங்குது போல" என்று தன் கையையே குறை சொன்னார் இலாரியோ. தான் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நெலிதா பார்க்க நினைத்தாள். ஜூஸ் வாங்கி வருகிறேன் என்று படி இறங்கி, மழையில் இரண்டு தெரு நடந்து, கொக்கோனாப் பழச்சாறு இரண்டு பையில் வாங்கிக்கொண்டு அரை மணி கழித்து வந்தாள். அதற்குள் அவர் இன்னொரு ஸ்லைடு போட்டிருந்தார்.

"இப்பப் பாரு. அச்சடிச்ச மாதிரி இருக்கு. இத்தன நேரம் நீதான் பக்கத்துல நின்னு என் கைய நடுங்க வச்சுட்ட."

அவள் பார்த்தாள். இருக்கவேண்டிய ஓரத்தில் இருந்தன. வாயில் இருந்த பழச்சாறு புளித்தது.

இலாரியோவுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். "அந்த லிமா டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? வெள்ளையணு எத்தன நாளு உசுரோட இருக்கும்? சிலது ஒரு நாளு, சிலது ஒரு வாரம். நோயோட சண்ட போட்டதெல்லாம் எப்பவோ செத்து மண்ணாப் போச்சு. ஆனா எலும்பு மஜ்ஜைல இருக்கே தாயணு, அது வாங்கின அடிய மறக்கலயாம். அது பெத்துப் போடற குட்டிங்க எல்லாம் பொறக்கறப்பவே கோவத்தோட பொறக்குதாம்."

"யார் மேல கோவம்?"

"கிருமி மேலதான். வேற யார் மேல?" என்று சொல்லிவிட்டு அவர் தன் பையில் ஸ்ட்ராவைக் குத்தினார்.

யார் மேல் என்று நெலிதாவுக்குத் தெரியும். அந்த ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை காலை அவள் காட்டுக் கொத்தமல்லியைக் கசக்கி மூக்கில் வைத்துப் பார்த்தபோது வாசனையே வரவில்லை. வெங்காயத்தை முகர்ந்தாள். மண்ணெண்ணெயை முகர்ந்தாள். ஒன்றுமில்லை. அந்த நாளில் அதற்கு என்ன அர்த்தம் என்று லேபில் வேலை செய்கிற அவளுக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் எங்கேயாவது கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள் என்று பயந்து, இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு, கோழி சூப் வைத்து அம்மாவுக்குத் தன் கையாலேயே ஊட்டினாள். எல்மரும் அதே பானையில் சாப்பிட்டான். அவளுக்கு லேசான காய்ச்சலோடு போயிற்று. அம்மா ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

எல்மர் ஓட்டுவது மூன்று சக்கர மோட்டோகாரோ. தன் வண்டியில் ஏறிய எவனிடமிருந்தோ தான்தான் நோயை வீட்டுக்குக் கொண்டுவந்ததாக அவன் நம்பினான். ஒவ்வொரு ஏப்ரலிலும் கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோய், "என்ன மன்னிச்சுரும்மா" என்று மண்டியிடுவான். நெலிதா பக்கத்தில் நின்று பூ வைப்பாள். நான்கு வருடமாக அவனை அப்படி நம்பவே விட்டிருந்தாள்.

அந்த ஸ்லைடுகளுக்குப் பிறகு அவளால் வீட்டில் எதையும் பழையபடி பார்க்க முடியவில்லை. அவள் வேலை முடிந்து உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் எல்மரின் மூக்கிலிருந்து ரத்தம் வரும். வெயில் சூடு என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போன மாதம் அவள் பத்து நாள் நௌத்தாவுக்கு வேலையாகப் போயிருந்தபோது வந்ததா என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். "இல்லக்கா. ஒரு தடவகூட இல்ல. ஒன் சமையல் இல்லாததால ஒடம்பு தேறிடுச்சு போல."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் சட்டையில்லாமல் உட்கார்ந்து, சுட்ட வாழைக்காயை இடித்துக் கொழுப்போடு உருட்டிய தக்காச்சோவைத் தின்றுகொண்டிருந்தான். இடது விலாவில் தோள் முதல் இடுப்பு வரை கன்றிப்போன நீலத் திட்டுகள். வலப்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

"தூக்கத்துல எவனோ வந்து மொத்திட்டுப் போறான்" என்றான் எல்மர். "நல்லவேள, எனக்குப் பொண்டாட்டி இல்ல. இருந்தா பழி அவ மேல விழுந்திருக்கும்."

லிஸ்பெத் சிரித்தாள். நெலிதாவின் ஒரே மகள், இருபது வயது, நர்ஸ் படிப்பு படிப்பவள். "மாமாவக் கட்டிக்க எவ வருவா?" என்று கேட்டுவிட்டு அவன் தட்டிலிருந்து ஒரு வறுத்த இறைச்சித் துண்டை எடுத்துக்கொண்டாள். நெலிதா சிரிக்கவில்லை. எல்மரின் கட்டில் பலகைச் சுவரை ஒட்டிக் கிடந்தது. அவன் மல்லாந்து படுப்பான். இடப்பக்கம்தான் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அவளுடைய கட்டில்.

புதன்கிழமை மழையில் ஒரு மோட்டோகாரோ வழுக்கிக் கவிழ்ந்து, அதில் வந்த லிஸ்பெத்தின் தொடை எலும்பு முறிந்தது.

பொது மருத்துவமனையில் எலும்பு வார்டின் தலைமை நர்ஸ் சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "கம்பி வைக்கணும். ரெண்டு யூனிட் ரத்தம் ரெடியா இருந்தாத்தான் டாக்டர் கத்தியத் தொடுவாரு. ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்து பதிலுக்கு ரத்தம் குடுங்க. அதுக்கப்புறம்தான் தேதி." ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது. ஆபரேஷன் என்றாலே குடும்பம் முதலில் தேடுவது டாக்டரை அல்ல, ரத்தம் கொடுக்க ஆளை. நெலிதாவுக்குச் சோகை, அவள் ரத்தத்தை எடுக்கமாட்டார்கள். எல்மர் தன் கூட்டாளி டிரைவர் ஒருவனை இழுத்துக்கொண்டு அன்றைக்கே வந்து நின்றான்.

"எம் மருமக ஒடம்புல எம் ரத்தம் ஓடப்போகுது. இனி அவளும் தாறுமாறா வண்டி ஓட்டுவா."

வேண்டாம் என்று சொல்லவேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. ஏன் என்று அவன் கேட்பான். அந்த ரத்தத்துக்கு என்னைத் தெரியும் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பான். அப்புறம் அந்தத் திங்கட்கிழமை, அந்த வெங்காயம், அந்த சூப். நான்கு ஏப்ரல். அவள் வாயைத் திறக்கவில்லை.

தன்னைத் தேற்றிக்கொள்ள அவளிடம் ஒரு விஷயம் இருந்தது. தான் கொடுக்கிற ரத்தம் தன் நோயாளிக்கே போகிறது என்று ஊர் ஜனம் நம்பும். ரத்த வங்கி வாசலில் வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். அவளும் இலாரியோவும் இருபத்திரண்டு வருடமாக அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். கொடுத்த பை குளிர்பெட்டிக்குள் போகும், ஏற்கெனவே இருக்கிற பை வெளியே வரும், அவ்வளவுதான். எல்மருடைய ரத்தம் முகம் தெரியாத எவனுக்கோ போகும். அவனைத் தெரியாத ரத்தம் அவனை என்ன செய்யும்? அப்படி நினைத்துக்கொண்டாள்.

வங்கியில் எல்லாப் பரிசோதனையிலும் எல்மர் தேறினான். ஓ பாசிட்டிவ், இந்த ஊரில் யாருக்குத்தான் அது இல்லை. அவன் சாய்ந்து படுத்துக் கை கொடுத்தபோது அவள் வராந்தாவின் கடைசியில் போய் நின்றாள். முடிந்ததா என்று பார்க்க ஒரு தடவை கண்ணாடி ஜன்னல் அருகே வந்தாள். அதுவரை மெதுவாக நிறைந்துகொண்டிருந்த பை சட்டென்று உப்பியது.

"அடேயப்பா, குழாயத் தொறந்து விட்டாப்புல வருது" என்றான் ரத்தம் எடுக்கிறவன்.

அவள் விலகிப்போனாள். எல்மர் ரசீதை வண்டிக் கண்ணாடியில் புனிதரின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். அதில் இருந்த பையின் எண் 388 என்று முடிந்தது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லிஸ்பெத்தை உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. தலைமாட்டில் கம்பியில் ஒரு பை தொங்கியது, பாதி இறங்கியிருந்தது. நெலிதா அதன் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைப் படித்தாள்.

388.

"இது..." என்று நர்ஸின் கையைப் பிடித்தாள். "இது வேணாம். வேற பை மாத்துங்க."

"வேற எது? டெங்கு சீசன், பெட்டியில ஒண்ணுமில்ல. இன்னொண்ணு ஆபரேஷன்லயே ஏறிருச்சு, மிச்சம் இருந்தது இதுதான். ஒங்க தம்பி ரத்தம்தானே, நல்லதுதானே?" நர்ஸ் சொட்டு விழுகிற வேகத்தைச் சரிபார்த்தாள். "ஆபரேஷன்ல ரத்தம் ரொம்பப் போயிருச்சு. ஹீமோகுளோபின் அஞ்சரை. இத நிறுத்தினா பொண்ணு தங்காது."

நெலிதா கையை எடுத்தாள். கட்டிலுக்கு வலப்பக்கம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். மதிய வெயில் ஜன்னல் வழியாக விரிப்பின் மேல் அப்பட்டமாக விழுந்து கிடந்தது, வெளியே மோட்டோகாரோக்கள் இரைந்தன, யாரோ வராந்தாவில் ஐஸ் விற்றுக்கொண்டு போனான். தன் மகளைக் காப்பாற்றுகிற ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. வாழ்நாளில் எதற்கும் அவள் இப்படிப் பயந்ததில்லை.

பை காலியாயிற்று. நர்ஸ் கழற்றிக்கொண்டு போனாள். லிஸ்பெத்தின் உதட்டில் நிறம் வந்தது. நெலிதா குனிந்து மகளின் நெற்றியில் முத்தமிட்டாள், அழுகை வந்தது, வீணாகப் பயந்துவிட்டோம் என்று நினைத்தாள்.

நிமிர்ந்தபோது லிஸ்பெத்தின் வலக் கன்னத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. ஊசியால் குத்திய அளவு.

கொசுக்கடி என்று தடவினாள். மறையவில்லை. பக்கத்தில் இன்னொன்று. கழுத்தில் நாலைந்து. தோளில், கையில், ஊசிமுனைப் புள்ளிகள் மெல்ல மெல்ல மேலே வந்தன. தோலுக்கு அடியிலிருந்து யாரோ எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. அவள் விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். வலப்பக்கம் முழுவதும். இடப்பக்கம் சுத்தமாக இருந்தது.

எழுந்தாள். கட்டிலைச் சுற்றிப் போனாள். இடப்பக்கம் நின்றாள்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

வலக் கன்னத்துப் புள்ளிகள் வெளுத்தன. இடக் கன்னத்தில் ஒன்று வந்தது. அப்புறம் கழுத்தில். அப்புறம் கையில்.

பின்னால் போனாள். கால்மாட்டுக்கு. கட்டுப்போடாத பாதம் விரிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெளிறிய உள்ளங்கால். அதில் ஒரு புள்ளி. மூன்று. பத்து. குதிகால் கருத்தது.

"அம்மா" என்றாள் லிஸ்பெத். கண் திறந்திருந்தது. "ஏன் அங்க போய் நிக்கற? பக்கத்துல வாயேன்."

"இங்கதாம்மா இருக்கேன்."

"தாகமா இருக்கு."

"இதோ, வாங்கிட்டு வர்றேன். வெளிலதான். தூரமாப் போகமாட்டேன்."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் இருபது அடி நடந்தாள். முப்பது. கதவின் மேல்பாதிக் கண்ணாடி வழியாகத் தெரிந்த மகளின் முகம் தூரத்தில் சின்னதாக, வெள்ளையாக, புள்ளியில்லாமல் இருந்தது. நெலிதா சுவரில் சாய்ந்தாள். அவ்வளவுதான் விலை என்றால் கொடுத்துவிடலாம். எல்மரோடு ஒரே வீட்டில் இருக்கவேண்டாம். மகளோடும் வேண்டாம். நௌத்தாவில் ஓர் அறை எடுத்துக்கொள்ளலாம், போனில் குரல் கேட்கலாம். ஒரு தாய் தூரத்தில் இருந்தே சாகலாம், பிள்ளை பிழைத்தால் போதும். இதை நினைத்ததும் நான்கு வருடமாக மார்பில் கிடந்த கனம் கொஞ்சம் இறங்கியது.

"அம்மா?" உள்ளே குரல் கேட்டது. "அம்மா, கட்டு ஈரமா இருக்கும்மா."

அவள் ஓரடி முன்னால் வைத்தாள். நின்றாள். போனால் ரத்தம் தோலுக்கு மேலே ஏறி வரும். போகக்கூடாது.

"நர்ஸ்" என்று கூப்பிட்டாள். வராந்தாவில் யாரும் இல்லை. சாப்பாட்டு நேரம். ஐஸ்காரனும் போய்விட்டான்.

கதவுக்கு அடியில் ஏதோ வந்தது.

தையல் நூலைவிடத் தடிமன் இல்லை. சிவப்பு. வெள்ளைத் தரையில் வெயில் பட்டு மினுங்கியது. தரை அந்தப் பக்கமாகத்தான் சரிவு, கழுவிய நீரெல்லாம் எதிர்ச் சுவர் ஓரத்துச் சாக்கடைக்குத்தான் ஓடும். அது சாக்கடைக்குப் போகவில்லை. தரை ஓட்டின் இணைப்பில் வந்து நின்றது. திரும்பியது. அவள் இருந்த பக்கம்.

"நான்தான்" என்றாள் நெலிதா. "நான்தான் கொண்டுவந்தேன். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஊட்டினேன். எல்மர் இல்ல. இவ இல்ல. இவள விட்டுரு."

அது நிற்கவில்லை.

ஒரு ஓடு. இன்னொரு ஓடு.

அவள் வலப்பக்கம் ஒதுங்கினாள். நூலின் நுனி நின்றது. தயங்கியது. வலப்பக்கம் வளைந்தது. பின்னால் வந்த சிவப்பு நூலைவிடத் தடித்துவிட்டது. இப்போது கயிறு.

"அம்மா" என்றது உள்ளேயிருந்து, முன்னைவிட மெதுவாக. "தூக்கம் தூக்கமா வருதும்மா."

அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள். கயிறு வேகமாக வந்தது. அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். கயிறு வேகமாக வந்தது.